நெஞ்சில் வளைந்த பெயர்

அண்ணனும் தங்கையும் வீட்டிலேயே நடத்தும் தையல் கடைக்கு, பஸ் டிரைவர் ஒருவர் ஜிப் மாற்றுவதற்காக ஒரு பழைய தோல் ஜாக்கெட்டைக் கொண்டு வந்தார். அது அவருடைய அப்பாவுடையது. அப்பா போர் விமானி. ஒரு நாள் புழுக்கமாக இருக்கிறதென்று ஜாக்கெட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவர் திரும்பவேயில்லை.

"இடது பக்கம் பேர்ப் பட்டை இருந்துச்சாம். எப்பவோ பிஞ்சு தொலைஞ்சு போச்சு. எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குறாங்க. தினமும் அந்த எடத்தைத் தடவித் தடவிப் பார்க்குறாங்க. இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் கைய விரிச்சிட்டார்" என்றார் டிரைவர்.

அண்ணன் நிதானம் "ம்" என்றார். அவ்வளவுதான். ஜாக்கெட்டை வாங்க டிரைவர் மறுபடி வந்தபோது, ஒரு பட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "உள்துணிக்குள்ள விழுந்து கெடந்துச்சுங்க. தங்கச்சிதான் பார்த்தா."

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கை தலை நிமிராமல் தையல் மிஷினை மிதித்தாள். அது உள்துணிக்குள் கிடந்ததல்ல, அண்ணன் தன் கையால் செய்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னது பொய். அதிலும் பெருமையை அவள் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். ஆண்டவன் இந்த மாதிரிப் பொய்யை மன்னித்துவிடுவான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவசரப்படுகிற எல்லோரிடமும் "நிதானம், நிதானம்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு அந்தப் பெயர் வந்தது. புத்தக அட்டைகளில் தங்க எழுத்துப் பதிக்கிற வேலையில் இருந்தவர். பிறகு, பழைய விமானிகளின் ஜாக்கெட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்காக, அசலைப் போலவே பெயர்ப் பட்டை செய்து கொடுக்க ஆரம்பித்தார். மெல்லிய ஆட்டுத்தோல், அதன்மேல் வெள்ளித்தாள், அதன்மேல் சூடேற்றிய பித்தளை எழுத்து. ஒரே அழுத்து. கணவன் இறந்த பிறகு தங்கை தன் மிஷினோடு அங்கேயே வந்துவிட்டாள். அவருக்கு அவள், அவளுக்கு அவர். வேறு நாதி இல்லை.

எழுத்தைப் பதிப்பது பெரிய காரியமில்லை. புதுத் தோல் சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி விறைத்து நிற்கும். பழைய பட்டையோ போட்டவன் மாரோடு வளைந்திருக்கும். ஈரத்துணி, பாட்டில், இஸ்திரிப்பெட்டி எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நிதானம் பட்டையைத் தன் சட்டைக்குள்ளேயே துணிநாடாவால் கட்டிக்கொண்டார். வியர்வையும் சூடும் பட்டுத் தோல் தானாக வளைந்தது. ஆனால் பொழுது சாய்ந்ததும் அவிழ்த்து, எழுத்து கீழே பார்க்கும்படி அலமாரியில் கவிழ்த்துவிடுவார்.

"பகல்ல நான் சுமக்குறேன். ராத்திரி அவங்கவங்க தூங்கட்டும்" என்பார்.

"உனக்கு நெஞ்சுல வாடகைக்கு ஆள் வைக்கிற தொழில்" என்று தங்கை கேலி செய்வாள்.

டிரைவரின் அம்மாவுக்கு நாள் இல்லை. அதனால் அந்த ஒரு பட்டையை மட்டும் இரவும் பகலும் கழற்றாமல் போட்டிருந்தார். வாழ்க்கையில் அவர் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

வழக்கமாக நெஞ்சில் பதிகிற எழுத்துத் தடம் குளித்தால் போய்விடும். இது, பட்டையைக் கொடுத்த பிறகும் போகவில்லை. குளித்துவிட்டு அவர் துண்டோடு வரும்போதெல்லாம், இடது மாரில் ஒரு செத்த மனிதனின் பெயரைத் தங்கையால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது.

பிறகு டீ டம்ளரை இடது கையால் எடுக்கத் தொடங்கினார். அதற்கும் பிறகு, வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிய ஆரம்பித்தார்.

"எப்பண்ணே இவ்வளவு வளர்ந்த? அலமாரி மேல்தட்டே உனக்கு எட்டாது" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. வாசல் நிலையைத் தடவிப் பார்த்து, "இடிக்குது" என்றார். நெற்றியில் சிவப்பாகக் கன்றியிருந்தது.

அவள் பிரார்த்தனை செய்து பார்த்தாள். பிறகு, பட்டையைத் திருப்பிக் கேட்டுவிடுவது என்று டிரைவர் வீட்டுக்குப் போனாள்.

வாரம் தாண்டாது என்று சொன்ன அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஜாக்கெட். பட்டையின் மேல் கை.

"தொட்டுப் பாரும்மா. இன்னும் ஆறலை."

தங்கை தொட்டாள். தோல் இப்போதுதான் உடம்பிலிருந்து கழற்றியது போலச் சூடாக இருந்தது.

"முதல்ல எங்க வீட்டுக்காரர் தெருமுனையில நின்னார். அப்புறம் கேட்டைத் தெறந்தார், அதே எடது கையால. இப்ப வாசப்படி வரைக்கும் வந்துட்டார். உள்ள வரணும்னா குனியணும். எந்த வாசலும் அவருக்குப் பத்தாது, பாவம்" என்றார் அந்த அம்மா, புதுப்பெண் மாதிரி சிரித்தபடி.

தங்கை வெறுங்கையோடு திரும்பினாள்.

"கேட்டியா?" என்றார் அண்ணன்.

"கேக்க மனசு வரலை."

"நல்லது. அந்தம்மா மூச்சு அதுலதான் நிக்குது. புடுங்கினா போயிடுவாங்க."

"புடுங்கலைன்னா நீ போயிடுவியேண்ணே."

"நிதானம்" என்றார். ஆனால் குரல் கனத்துக் கரகரவென்று இருந்தது. அது அவர் குரலாகவே இல்லை.

ஒரு நாள் காலையில் டிரைவர் ஜாக்கெட்டோடு வந்து நின்றார். பட்டையைத் திருப்பிக் கொடுத்தவரை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி அம்மா பிடிவாதம் பிடிக்கிறார் என்றார். நிதானம் கையை நுழைத்தார். விரல் நுனியைத் தாண்டித் தொங்கவேண்டிய ஜாக்கெட்டின் கை, மணிக்கட்டில் அளவாக வந்து நின்றது. தங்கை சட்டென்று முன்னால் போய் வாசலை மறித்தாள். அவர் அவளை மெதுவாக, மரியாதையாக, யாரோ வீட்டுப் பெண்ணை விலக்குவது போல விலக்கினார்.

அந்த அம்மா அன்று மதியமே அவர் கையைப் பிடித்தபடி கண்ணை மூடிவிட்டார். முகத்தில் வேதனையே இல்லையாம். ஜாக்கெட்டோடு படி இறங்கியவர் எந்தப் பக்கம் போனார் என்று டிரைவருக்குத் தெரியவில்லை. தேடாத இடமில்லை. தங்கை இன்றைக்கும் கதவைத் தாழிடுவதில்லை. சத்தம் கேட்டால் மிஷினை நிறுத்திவிட்டு நிலையைப் பார்க்கிறாள். குனியாமல் நுழைகிற ஆளாக இருக்கவேண்டும், அதுதான் அவள் வேண்டுதல்.

ஏனென்றால் அன்று காலை, வாசலில் தலையைக் குனிந்து வெளியே போனவர், ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்த்து, நல்ல மனதோடுதான் சொன்னார்:

"வரேம்மா. உங்க அண்ணன் வந்தா, நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க."