மாமாவை ஊருக்கு அனுப்பாத காரணம்

எங்கள் ஆட்கள் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் நினைவு மலர் அச்சடிப்பார்கள். கிரேக்கருக்கு நாற்பதாம் நாள்தான் பெரிது. என் மனைவியின் தகப்பனார், அதாவது என் மாமா, கிரேக்கர். அதனால் மாமியின் விருப்பப்படி இந்த மலர் நாற்பதாம் நாளுக்கு வருகிறது. கிரேக்கப் பக்கங்களை மனைவியின் தமையன், என் மச்சான், எழுதினார். தமிழ்ப் பக்கம் என் தலையில் விழுந்தது. நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மாமா வடக்குக் கிரேக்கத்தில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தார். புகையிலை செய்கிற குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருந்த நிலம் அத்தனை பேருக்கும் காணாது. இருபது வயதில் ரயிலேறி, ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனுக்கு நிலக்கரி வெட்ட வந்தார். இரண்டு வருசத்தில் திரும்புவதாகச் சொல்லித்தான் வந்தாராம். பதினெட்டு வருசம் நிலத்துக்குக் கீழே வேலை செய்தார். தம்பிமாரைப் படிப்பித்தார். தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்தார். சுரங்கம் மூடியதும் மாமியோடு ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை போட்டார். இருமல் மட்டும் சுரங்கத்திலிருந்து கூடவே வந்தது.

நான் அகதியாக வந்து அந்தக் கடையில் சட்டி கழுவினேன். எங்களுக்குள் பேச்சு அரைகுறை ஜேர்மனில். இங்கே தமிழில் எழுதுகிறேன். மகளைத் தரும்படி நான் கேட்ட அன்று மாமா இறைச்சி வெட்டிக்கொண்டு நின்றார்.

“உன்ரை ஊரிலை பொம்பிளையள் இல்லையோ?”

“இருக்கினம். எனக்குப் போக ஏலாது.”

“எனக்குப் போக ஏலும். நானும் இங்கைதான் நிக்கிறன். சரி, அந்தச் சட்டியை முதல் கழுவி முடி. பிறகு அவவிட்டைக் கேள்” என்று மாமியைக் காட்டினார்.

மாமா கோபப்படாதவர் என்று எழுத மாட்டேன். நன்றாகக் கத்துவார். ஆனால் சாப்பிடாமல் ஒருவரையும் வேலைக்கு விட்டதில்லை. பெரிய வெள்ளிக்கு முந்திய நோன்பில் தான் மட்டும் இறைச்சி தொடமாட்டார். ஊருக்கெல்லாம் வாட்டிக் கொடுப்பார்.

கடைசி மாதங்களில் மூச்சு ஏலாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு பின்னேரம் நான் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

“என்னை ஊருக்கு அனுப்ப விடாதை” என்றார்.

ஊரில் தகப்பனுக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் இருந்தது. எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டேன். அவர்கள் ஊரில் புதைத்துச் சில வருசத்தில் எலும்பைத் தோண்டி எடுத்து, வைனில் கழுவி, பெட்டியில் வைப்பார்கள். தகப்பனின் எலும்பை மாமாதான் கழுவினார். தகப்பனுக்கு ஒருகாலத்தில் கழுதையிலிருந்து விழுந்து முறிந்த கை. பொருந்தின இடம் எலும்பில் அப்படியே இருந்ததாம்.

“நாங்கள் சாம்பலைக் கடலிலை கரைக்கிறமாதிரி” என்றேன்.

“நீங்கள் கெதியிலை, ஒரே நாளிலை முடிக்கிறியள். நான் அப்பாவை அழுது முடிச்ச பிறகு, திரும்பக் கையிலை தந்தவங்கள். என்ரை மகனுக்கு அது வேண்டாம்.”

நாலாம் நாள் மாமா காலமானார். அவர் கேட்டதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மகன் இருக்க மருமகன் முந்திக் கதைக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். மகனிடமும் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அது என் பிழை. மச்சான் சவப்பெட்டியை விமானத்தில் ஊருக்கு அனுப்ப எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டார். கடதாசியில் மாமி கையெழுத்து வைக்கப் போனபோதுதான் வாய் திறந்தேன்.

மச்சான் எழும்பி நின்றார். “அறுபது வருசமா ஊர், ஊர் எண்டவர். உமக்கு மட்டும் சொன்னவரோ? எரிக்கிற ஆக்களுக்கு எங்கடை மண்ணைப் பற்றி என்ன தெரியும்?”

நியாயமான கேள்வி. சாட்சி இல்லை. மாமா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். முறிந்த கையையும் சொன்னேன்.

மாமி பேனையை வைத்தார். “அந்தக் கையைப் பற்றி எனக்கே ஒருக்காத்தான் சொன்னவர். மருமகனுக்கும் சொல்லியிருக்கிறார் எண்டால் இதுவும் அவர் சொன்னதுதான். இங்கை வையுங்கோ.”

மச்சான் வெளியே போய் நெடுநேரம் நின்றார். வந்து, விமானத்தில் அனுப்புவதை நிறுத்தச் சொல்லித் தொலைபேசி எடுத்தார்.

மாமாவைப் பராமரித்த தாதிமாருக்கும், பெட்டி தூக்கிய பழைய சுரங்கத் தோழர்களுக்கும், பூசை செய்த பாதிரியாருக்கும், பாசை விளங்காமலும் கடைசிவரை மழையில் நின்ற எங்கள் உறவுகளுக்கும் குடும்பத்தின் நன்றி.

மச்சானுக்கும் நன்றி. இங்கே கல்லறை இடம் குறிப்பிட்ட வருசங்களுக்குத்தான் தருவார்கள். தவணை முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு யார் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தது. மச்சான் தன் பெயரை எழுதி, கீழே என் பெயரையும் எழுதினார். என்னைக் கேட்கவில்லை. நான் கையெழுத்து வைத்தேன்.