உருட்டிவிட்ட மூலை

ஃபிரிட்ஜுக்கு மேல் கிடக்கும் உடைந்த அலுமினியத் தகட்டைத் தூக்கிப் போடலாமா என்று போன வாரம் கேட்டீர்கள், பிள்ளைகளே. வேண்டாம் என்றேன். காரணம் சொல்ல அன்றைக்குத் தெம்பு இல்லை. இன்று ஞாயிறு. இன்றும் பெரிதாகத் தெம்பு இல்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நான் திருமுடிவாக்கத்தில் மில்லிங் மெஷின் ஓட்டுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். டிராயிங்கில் உள்ளபடி உலோகத்தை வெட்டிக் கொடுக்கும் வேலை. சில சமயம் காலேஜ் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் டிராயிங்கில் ஏதாவது தப்பு இருக்கும். துளை விளிம்பை ஒட்டி இருக்கும், இல்லையென்றால் ஒரு அளவே விட்டுப்போயிருக்கும். சுட்டிக்காட்டினால் முகம் வாடிவிடும் என்று நாங்களே சரிசெய்து கொடுத்துவிடுவோம். "ஸ்டூடண்ட் டிராயிங்தானே, நீயே பாத்து சரி பண்ணிக் குட்துடுபா" என்பார் முதலாளி. பல வருஷமாக அப்படித்தான்.

மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தாள். ஆராய்ச்சிப் படிப்பு, நாலாவது வருஷம். பன்னிரண்டு தகடுகள் கேட்டாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் V மாதிரி ஒரு வெட்டு. வெட்டின் அடி ஊசிபோலக் கூராக இருக்க வேண்டும் என்று டிராயிங் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூரான மூலையில்தான் முதலில் விரிசல் விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அதைத் தெரிந்துகொள்வோம். பாவம், தெரியாமல் போட்டிருக்கிறது என்று நினைத்தேன். பன்னிரண்டு தகட்டிலும் சின்ன வட்ட அரத்தை வைத்து இரண்டு இழு இழுத்து, கூர் போகும்படி மூலையை உருட்டிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அண்ணா, இன்னும் ஆறு தகடு வேணும். வெட்டை மட்டும் கொஞ்சம் ஆழமாப் போட்டுக் குடுங்க."

"ஏம்மா, அது சரியா வரலியா?"

"வரலைண்ணா. எவ்ளோ இழுத்தா விரிசல் விடும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். மெஷின்ல மாட்டி இழுத்தா, அதைத் தாண்டியும் கம்முனு நிக்குது. ஒரு மாசமா கணக்கை முதல்லேர்ந்து திரும்பப் போட்டுட்டு இருக்கேன். தப்பே கிடைக்கல. எங்க கைடு சார் வேற, தலைப்பையே மாத்திடும்மாங்கறார்."

"விரிசல் விடணும்னுதான் கூரா கேட்டியாம்மா?"

"ஆமாண்ணா. அது எப்போ ஆரம்பிக்குதுங்கறதுதான் என் ஆராய்ச்சியே."

என் பார்வை தானாக வட்ட அரத்தின் மேல் போனதை முதலாளி கவனித்துவிட்டார். என்னை டிரில்லிங் மெஷின் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னாபா, அரம் வச்சிட்டியா? வாயத் தொறக்காத. இந்த ஆறையும் கூராப் போட்டுக் குடு. மேட்டர் ஓவர்."

எனக்கும் அதுதான் சுலபமாகத் தெரிந்தது. ஆனால் ஆழத்தை மாற்றியதால்தான் சரியானது என்று அவள் நினைத்துக்கொள்வாள். நாலு வருஷக் கணக்கில் என் அரத்தின் இரண்டு இழுப்பு அவளுக்குத் தெரியாமலே உட்கார்ந்திருக்கும். திரும்பி வந்து சொல்லிவிட்டேன். அவள் பையில் இருந்த பழைய தகடு ஒன்றைப் பார்க்கச் சொல்லி, லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசம்ணா."

தகட்டைத் திருப்பி இன்னொரு முறை லென்ஸில் பார்த்தாள்.

"நானும் மைக்ராஸ்கோப்ல வச்சு ஒரு தடவை பாத்திருக்கணும். உங்க வேலை சுத்தமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"சுத்தமாத்தாம்மா பண்ணேன். அதான் பிரச்சனையே."

சிரித்தாள். அழுகிற முகத்தோடுதான் சிரித்தாள்.

அந்த வாரம் தினமும் ஷிப்ட் முடிந்து நின்று, பழைய அளவிலேயே பன்னிரண்டு தகடுகள் புதிதாகப் போட்டேன். ஊசிமுனைக் கட்டர் இரண்டு உடைந்தது. முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இரும்புலியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கக்கூட முடியாமல், டீக்கடை வாசலில் கொஞ்சம் நின்று வருவேன். அப்பா ஏன் பேசவே மாட்டேன் என்கிறார் என்று அம்மாவிடம் கேட்டீர்களே, அந்த வாரம்தான்.

பத்து நாள் கழித்து உடைந்த தகடு ஒன்றோடு வந்தாள். விரிசல் வெட்டின் அடியிலிருந்து நேராகக் கிளம்பியிருந்தது.

"கணக்கு ஒத்துப்போச்சாம்மா?"

"முழுசா இல்லண்ணா. கிட்ட வந்திருக்கு. சார், சரி, இதே தலைப்புல போங்கன்னுட்டார். இப்போ மிச்சம் இருக்கற தப்பு என்னோடதுதான்."

சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். களைத்துத்தான் இருந்தாள். அந்த மிச்சத்தைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு வருஷமாவது ஆகுமாம். தகட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது எந்த டிராயிங்கில் தப்பு தெரிந்தாலும், கை வைக்கும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன். பத்தில் ஒன்பது நிஜமாகவே தப்புதான். வேலை இரட்டிப்பாகிவிட்டது, முதலாளி திட்டுகிறார். அந்தப் பெண் மட்டும் எனக்குப் போன் வேலை வைப்பதில்லை. அவள் டிராயிங்கின் மேல் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கும்: "அண்ணா, உருட்ட வேண்டாம்."

தகடு அங்கேயே இருக்கட்டும். தூசி மட்டும் தட்டி வையுங்கள். அந்த வெட்டு இன்னும் கூராகத்தான் இருக்கிறது, கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்.