குளக்கட்டு முடிந்த வருஷம்

அப்பா மண் லொறி ஓட்டிய அந்தக் குளத்து வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்றுதான் வேலைத்தள வாடிகளில் இருந்த எல்லோரும் விரும்பினோம். அதை வாய்விட்டுச் சொன்னவர் அம்மா ஒருவர்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டுக்குள் தூர்ந்து கிடந்த பழைய குளமொன்றை அரசாங்கம் திருத்திக் கட்டிக்கொண்டிருந்தது. வேலையாட்களின் குடும்பங்களுக்குக் கிடுகால் வேய்ந்த வாடிகள் போட்டிருந்தார்கள். அங்கே வருமுன் அப்பா யாழ்ப்பாணத்தில் தனியார் பஸ் ஒன்று ஓட்டினார். பஸ்களை அரசாங்கம் எடுத்தபோது பல சாரதிகளுக்கு வேலை கிடைத்தது. அப்பாவின் முதலாளி அதற்குச் சில மாதம் முன்பே பஸ்ஸை விற்றுவிட்டதால் அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பிறகு ஒரு அரிசி ஆலை லொறி. ஆலையும் மூடப்பட்டது. எனக்குப் பத்து வயதாகும்போது நான் மூன்றாவது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

குளக்கட்டு நாளுக்கு நாள் உயர்ந்தது. அப்பா கொண்டுவந்து கொட்டிய மண்தான் அது. பின்னேரம் வேலை விட்டு வந்து, "இண்டைக்குத் துருசடி மட்டும் வந்திட்டுது" என்று மதகுப் பக்கம் கைகாட்டுவார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். உடனே அது வடிந்துவிடும்.

கட்டு முடிந்தால் யாரை வைத்திருப்பார்கள், யாரை நிறுத்துவார்கள் என்பதே எங்கும் கதை. கிணற்றடியில் பெண்கள் அதைத்தான் கதைத்தார்கள். வேலையை மேற்பார்க்கும் ஓவசியரைக் கேட்டால், "மேலிடத்திலை இருந்து கடிதம் வரவேணும்" என்பார். அவருக்கும் தெரியாது என்று அப்பா சொன்னார்.

ஒருநாள் காலை அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, "இந்தக் கட்டு ஒருக்கா உடைஞ்சுதெண்டால் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேலை இருக்கும்" என்றார்.

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "கீழை சனம் இருக்குது. விதைச்சுப்போட்டிருக்குதுகள். என்ன கதை கதைக்கிறீர்?"

"நான் சனத்தைச் சொல்லேல்லை."

"வேறை என்னத்தைச் சொன்னனீர்?"

அம்மா மறுபடி அரிசியைக் களையத் தொடங்கினார்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலையில் கட்டின் வடக்குப் பக்கத்தில் நீர் கசிகிறது என்று சத்தம் கேட்டது. ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். அப்பா சாப்பிடாமலே லொறியை எடுத்துக்கொண்டு கிரவல் மண் அள்ளப் போனார். வழியெல்லாம் சேறு. இரண்டு லொறிகள் புதைந்து நின்றுவிட்டன. அப்பாவின் லொறி மட்டும் மத்தியானம் வரைக்கும் போய்ப் போய் வந்தது.

சாக்குகளில் மண் நிரப்பப் பெண்களையும் கூப்பிட்டார்கள். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் போனார். நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன். அவர் மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் போட்டார்.

"அம்மா, நீங்கள் உடையட்டும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"வாயைப் பொத்து. சாக்கை வடிவாய்ப் பிடி."

அம்மாவின் கண்ணில் வழிந்தது மழையா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னேரமளவில் கசிவு நின்றது. கட்டு தாங்கிவிட்டது. வேலைக்குப் பொறுப்பான எஞ்சினியர் குளக்கட்டின் மேல் ஏறி வந்து எல்லோருக்கும் முன்னால் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கள் இல்லாட்டில் இண்டைக்கு எல்லாம் போயிருக்கும்" என்றார். அப்பா சிரிக்க முயன்றார்.

மழை ஓய்ந்து மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. லொறிகளை வேறு மாகாணத்துக்கு அனுப்பினார்கள். இளம் சாரதிகள் இரண்டு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு இனி வேலை இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. எஞ்சினியர் அதற்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தார்.

மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை காணி. குளத்துக்குக் கீழே வயல் நிலம் பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று அறிந்து அப்பாவும் விண்ணப்பித்தார். காணி கொடுக்க ஆட்களைத் தெரிந்தெடுக்கும் நாளன்று நாங்கள் மூவரும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கடதாசியைப் பார்த்தபடி, "கமம் செய்து பழக்கமோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. லொறி ஓடத் தெரியும். இந்தக் கட்டுக்கு மண் கொண்டுவந்து பறிச்சது நான்தான்" என்றார் அப்பா.

அதிகாரி தலையாட்டினார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் அம்மா வெடித்தார். "இஞ்சேருங்கோ, ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஆர் வந்து பார்க்கப்போகினம்?"

"ஏரைப் பிடிச்சுக் காட்டெண்டால் என்ன செய்யிறது?"

"பழகியிருப்பியள்."

அப்பா நின்றார். அம்மா சொன்னது சரி என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது போலிருந்தது. திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். உள்ளே போகவில்லை.

வாடிகளைப் பிரிக்கத் தொடங்கியபோது நாங்கள் முல்லைத்தீவுக்குப் போனோம். நாயாற்றில் மீன் எடுத்து வவுனியாவுக்கு அனுப்பும் முஸ்லிம் முதலாளி ஒருவர் அப்பாவை வேலைக்கு எடுத்தார். சாரதியாக அல்ல, பெட்டி ஏற்றி இறக்க. "லொறிக்கு ஆள் இருக்குது. ஆனால் அவருக்கு நெஞ்சு வருத்தம், மருந்தோடைதான் இருக்கிறார். கொஞ்சம் பொறுங்கோ, பார்ப்பம்" என்றாராம்.

அந்தச் சாரதி நல்ல மனுஷன். கிழமையில் இரண்டு நாள் எங்களுக்கென்று மீன் ஒதுக்கித் தருவார். அவர் இருமினால் அப்பா ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் வாங்கிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அந்த மனுஷனுக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்பார். அப்பா, "சுகமாய் இருக்கிறார்" என்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். தன்னை ஆண்டவன் எந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறான் என்று அம்மா ஒருநாள் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதார்.

அந்தச் சாரதி நெடுங்காலம் இருந்தார். என் கலியாணத்துக்கும் வந்தார். அவர்தான் லொறியை ஓட்டிக்கொண்டு வந்தார்; அப்பா பக்கத்தில் இருந்தார்.