பாய் விரிக்காத தரை

தேவகனி சித்தியின் உள்ளங்கால்கள் அந்த வருடம் முழுவதும் சிவப்பாக இருந்தன. சந்தைக்குப் போகும்போதும் கோவிலுக்கு வரும்போதும் அந்தச் சிவப்பைத் தேய்த்துக் கழுவ அவர் முயன்றதில்லை. அது எப்படி வந்தது என்று எழுத நினைக்கிறேன். எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதில் சந்தேகம் இருக்கிறது. அவருக்கு எதிராக எழுதப்பட்ட கடிதம் என் கையெழுத்தில்தான் இருந்தது.

சித்தி என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. குளச்சலுக்குக் கிழக்கே இரண்டு மைலில் இருக்கும் எங்கள் ஊரில் அடுத்தடுத்த வீடுகள். அவருடைய கணவர் சத்தியநேசன் காய்ச்சலில் இறந்தபோது மகள் ஞானபாய்க்கு நாலு வயது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குக் கான்கிரீட் ரோடு போட்ட காலத்தில், தக்கலைப் பக்கம் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சித்தி விடியும் முன் நடந்து போய், முதலில் ஜல்லி சுமந்தார். பிறகு, ஈரச் சிமெண்டை மட்டம் பார்த்துத் தேய்க்கும் கூட்டத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் கிறிஸ்தவச் சபையில் போதகருக்கு அடுத்தபடியாக இருந்த மூத்த டீக்கன் முத்துநாயகம். ஊரில் சிமெண்டுத் தரை இருந்த ஒரே வீடு அவருடையது. மற்ற எல்லோருக்கும் சாணி மெழுகிய தரைதான். ஒரு நாள் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். பெண்களெல்லாம் வெறுந்தரையின் குளிர்ச்சியில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி வேலையிலிருந்து நேராக வந்து உட்காரப் போனார்.

"நில்லு தேவகனி. ஒனக்க சேலையெல்லாம் சிமெண்டுப் பொடியாக்கும். தரையில கறை பிடிச்சா போவாது" என்றார் முத்துநாயகம். மனைவியைப் பார்த்து, "ஏட்டி தங்கபாய், அவளுக்கு மட்டும் ஒரு பாய் எடுத்துப் போடு" என்றார்.

"உங்க தரையும் இதே பொடிதானே, டீக்கனாரே?" என்றார் சித்தி.

இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். பாய் வந்தது. சித்தி அதில் உட்காரவில்லை. ஜெபம் முடியும்வரை, பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும், சுவரோரம் நின்றார். அப்போது கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து அவரோடு நின்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் அவர் மேஸ்திரியிடம் போய், காலிச் சிமெண்டுச் சாக்குகளை உதறிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"உதறிக்கோ. மூக்குல கேறினா நான் பொறுப்பில்ல" என்றாராம் மேஸ்திரி.

ஒரு சாக்கை உதறினால் இரண்டு கை பொடி கிடைக்கும். அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து, பானையில் கொட்டி, வாயைத் துணியால் இறுகக் கட்டி வைப்பார். எட்டு மாதத்தில் பதினோரு பானைகள் சேர்ந்தன. மணலுக்குக் கடியப்பட்டணம் கடற்கரை பக்கத்தில் இருந்தது. முன்னறைக்குத் தரை போட்டார்.

அந்தத் தரை தோற்றது. கடல்மணலின் உப்பு, முதல் மழைக்கே வெள்ளை வெள்ளையாக வெளியே பூத்தது. துடைத்தால் மறுநாள் மறுபடி பூக்கும். நடந்தால் சாம்பல்போலப் பொடி எழும்பும். வாசலிலிருந்து பின்சுவர்வரை ஒரு வெடிப்பும் ஓடியது. முத்துநாயகம் வேலிக்கு வெளியே நின்று, தெரு கேட்க விசாரித்தார்.

"தேவகனி, மீன் உப்புபோட எடம் கிடைக்குமா? குளச்சல்ல கேக்குதாவ."

"கொண்டு வரச் சொல்லுங்க. முதல்ல உங்களை உப்பு போட்டு உணக்கிப் பாக்கேன், எப்பிடி இருக்குன்னு."

வாயில் தோற்கவில்லை. ஆனால் அன்றைக்கே உளியையும் சுத்தியலையும் எடுத்து, எட்டு மாதச் சேமிப்பைக் கொத்தத் தொடங்கினார். பொடி எழும்பிய மேல்பூச்சு முழுவதையும் கொத்திப் பெயர்த்தார். அடித்தரையைப் பத்து நாள் நல்ல தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினார். நாக்கில் விரல் வைத்து உப்புப் பார்ப்பார். ரோட்டில் அடுத்த மழைக்காலம்வரை உழைத்து, மறுபடியும் சாக்கு உதறினார். இந்த முறை மணல் வள்ளியாற்றிலிருந்து வந்தது.

அதற்குள் ஞானபாய்க்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜேசுதாஸ், மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நானும் பி.ஏ. முடித்து ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். வேலை எதுவும் கிடைக்கவில்லை. சும்மா இருக்கிறானே என்று சபைக் கமிட்டியின் எழுத்து வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அது ஒரு கௌரவம் என்று நினைத்தேன்.

சித்தி இரண்டாம் தரை போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அறையை நான்கு கட்டமாகப் பிரித்தார்.

"இதென்ன சித்தி, கட்டம்?"

"முழுசா விட்டா சிமெண்டு அதுக்க இஷ்டத்துக்கு வெடிக்கும் மக்கா. நாமளே முதல்ல கோடு போட்டுக் குடுக்கணும். ரோட்டுல கண்டியா, இடையிடையே நிறுத்தித் தார் விட்டிருக்கத?"

குளச்சல் கடையில் வாங்கிய காவிப்பொடியைச் சிமெண்டோடு கலந்து குழைத்து, ஈரத்தரையின்மேல் விரற்கடை கனத்துக்குப் பரப்பினார். கட்டங்களுக்கு நடுவே உள்ள கோடுகளைச் தேங்காய்ச் சிரட்டைக்கரிப் பொடி கலந்த கறுப்புச் சிமெண்டால் நிரப்பினார். பிறகு, நான்கு கட்டமும் சேரும் இடத்தில் ஓர் ஆணியை ஊன்றி, நூல் கட்டி வட்டம் சுழற்றினார். வட்டத்துக்குள் ஆறு இதழ் வரைந்து, கத்திமுனையால் வரம்பைக் கீறி, அதிலும் கறுப்பை இட்டார். சிவப்புத் தரையில் கறுப்பு வரம்பு கட்டிய ஒரு பூ. ஞானபாய் மூன்று நாள் முட்டுப்போட்டு, வழவழப்பான ஆற்றுக்கல்லால் இதழ் இதழாகத் தேய்த்தாள். பதினான்கு நாள் தரையில் தண்ணீர் நின்றது. தண்ணீரை வடித்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள். புதுக்காவி உடனே பிடித்துக்கொள்ளாது. ஒரு வருடம்வரை மிதிப்பவர் காலிலெல்லாம் ஒட்டும். பார்க்க வந்த பெண்கள் சிவந்த கால்களோடு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் கோவிலில் ஞானபாயின் கல்யாண ஓலையை, அதாவது திருமண அறிவிப்பை, முதல் தடவை வாசித்தார்கள். எங்கள் சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்காமல் கல்யாணம் நடக்காது. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

காரணம் எனக்கு முன்பே தெரியும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கமிட்டியில் முத்துநாயகம் எழுந்து, தேவகனி வீட்டு நடுவில் கோலம் பதித்திருக்கிறாள் என்றார். எங்கள் வீடுகளில் கோலம் போடுவதை, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிய தலைமுறையே விட்டுவிட்டது. மாவில் போடும் கோலமாவது காலையில் போட்டால் மாலையில் போய்விடும், இது என்றைக்கும் போகாது என்றார் அவர். மற்றவர்கள் தலையசைத்தார்கள். கடிதம் எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். எழுதினேன். மூன்று முறை திருத்தி, நல்ல நடையில் எழுதினேன்.

திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. சித்திக்கு வாசிக்கத் தெரியாது.

"வாசி மக்கா."

வாசித்தேன். "புறஜாதியாரின் வழக்கமொன்றை விசுவாசியின் இல்லத்தில் பதித்திருப்பது சபைக்கு இடறலாயிருக்கிறபடியால், வருகிற சனிக்கிழமைக்குள் அதனை அகற்றாத பட்சத்தில், தங்கள் குமாரத்தியின் ஓலை இனி வாசிக்கப்படமாட்டாது என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் அறிவிக்கிறோம்."

"இது எழுதினது நீயா?"

"ஆமா சித்தி."

"கொள்ளாம். பாட்டுபோல இருக்கு. மனவருத்தம் ஆருக்கு? ஒனக்கா, டீக்கனாருக்கா?"

நான் கடிதத்தை மடித்தேன். அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஞானபாய் அழுதாள். "அம்மைக்கு எனக்க கல்யாணத்தைவிடப் பூவாக்கும் பெரிசு. கொத்திப் போடும்மா. ஒரு பூவுதானே!"

சித்தி மகளைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த ஒரே உபாயத்தைச் சொன்னேன். "சித்தி, கோடு வெடிப்புக்காகப் போட்டதுதானே. நடுவுல உள்ளதும் வெடிப்புக்குத்தான்னு சொல்லிருங்க. ஆருக்கும் இந்த வேலை தெரியாது. நான் போதகர்கிட்ட பேசுதேன்."

"நீ பேசு" என்றார். சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன். என் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

வியாழக்கிழமை போதகரும் முத்துநாயகமும் இன்னும் இரண்டு டீக்கன்மாரும் தரையைப் பார்க்க வந்தார்கள். சித்தி அவர்களை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்தார். பூவின்மேல் உளியும் சுத்தியலும் இருந்தன.

போதகர் மென்மையான மனிதர். நான் சொல்லிவைத்தபடியே கேட்டார். "தேவகனி, இந்தக் கோடெல்லாம் தரை வெடிக்காமல் இருக்கப் போட்டது என்று கேள்விப்பட்டேன். பூவும் அதற்குத்தானே?"

"கோடு வெடிப்புக்கு ஐயா. பூ எனக்கு."

போதகர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கேட்டியளா, அவ வாயாலயே வந்தாச்சு" என்றார் முத்துநாயகம்.

"டீக்கனாரே, கோவில் மேசைக்குத் தங்கபாய் பின்னிக் குடுத்த லேசு விரிப்புல எத்தனை பூ கிடக்கு? அங்க கிடந்தா பூவு, எனக்க தரையில கிடந்தா கோலமா?"

"அது துணி. வேண்டான்னா மடிச்சு வைக்கலாம்."

"அப்பம் இதையும் மடிச்சு வையுங்க."

ஒரு டீக்கனுக்கு இருமல் வந்தது. முத்துநாயகத்தின் காது சிவந்தது. "நீ அழிக்கியா இல்லியா?"

"போட்ட கை கொத்தாது. பாவம்னு சொல்லுதது கமிட்டிதானே? உளி அங்கதான் இருக்கு. கமிட்டி கொத்தட்டு."

யாரும் குனியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணின் வீட்டுத் தரையைக் கொத்த, நாலு பேரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அல்லது, மற்றவர் பார்க்கக் கொத்த மனம் வரவில்லை. வந்த வழியே போனார்கள். நாலு பேரின் பாதங்களும் சிவந்திருந்தன.

சனிக்கிழமை காலையில் முத்துநாயகமே என்னைக் கூப்பிட்டார். ஒரு பூவுக்காகக் கல்யாணத்தைத் தடுக்கிறார் என்று ஊரில் பேச்சு அவருக்கு எதிராகத் திரும்பத் தொடங்கியிருந்தது. "கமிட்டி மினிட்ஸ் புத்தகத்துல, 'மேற்படி கோலம் அழிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி எழுது. அவ கீழ ஒரு பெருவிரல் வச்சாப் போரும். ஆரு போய்ப் பாக்கப் போறா? நாளைக்கு ஓலையை வாசிச்சிரலாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லோரும் பிழைத்துக்கொள்ளும் வழி அதுதான் என்று நம்பினேன். வரியை எழுதி, புத்தகத்தோடு சித்தி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

சித்தி மகளின் முகத்தைப் பார்த்தார். "பூவைத் தொட மாட்டாவளா?"

"தொட மாட்டாங்க."

"அப்பம் சரி. கடுதாசியில என்ன கிடந்தா என்ன? எனக்குத் தரை போரும்." பெருவிரலை நீட்டினார்.

ஞானபாய் வந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள். ஏழாம் வகுப்புவரை படித்தவள். வரியை வாசித்தாள், இன்னொரு தடவை வாசித்தாள்.

"அழிக்கப்பட்டதா? ஆரு அழிச்சா?"

"ஏட்டி, ஒனக்க கல்யாணம்..." என்றார் சித்தி.

"மூணு நாள் முட்டு தேயத் தேயக் கல்லு போட்டது நானாக்கும். அழிக்காததை அழிச்சுன்னு எழுதப்பிடாது. நாளைக்கு நாம எல்லாம் செத்த பெறவு இந்தப் புத்தகம்தான் இருக்கும். தேவகனி பயந்து அழிச்சான்னு வாசிப்பாவ." என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க இவ்வளவு படிச்சியளே, உள்ளதை எழுத வராதா?"

இதைவிடக் கடினமான கேள்வி கல்லூரியில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. சித்தி நீட்டிய பெருவிரலை மடக்கிக்கொண்டார். மகளை, யாரோ புதிதாக வீட்டுக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எழுது மக்கா, அவ சொல்லுதபடி."

முதல் வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: "தேவகனியின் வீட்டுத் தரையில் ஆறு இதழ்ப் பூ ஒன்று இருக்கிறது. அது அழிக்கப்படவில்லை. அதை அழிக்கத் தேவகனிக்கும் மகளுக்கும் மனமில்லை." மிகுந்த மனவருத்தம் எதையும் சேர்க்கவில்லை. ஞானபாய் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் சித்தி பெருவிரல் வைத்தார்.

போதகர் அதை இரண்டு முறை வாசித்தார். "இது உன் வாக்கியமா?"

"எழுத்து என்னுடையது ஐயா. வாக்கியம் அவர்களுடையது. நான் முன்பு எழுதிய கடிதம் தவறு."

"அதில் நானும் கையெழுத்துப் போட்டேன்" என்றார் அவர். பேனாவை வாங்கி, மூன்று வரிக்கும் கீழே கையெழுத்திட்டார். மறுநாள் இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. முத்துநாயகம் அது முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடவில்லை. இன்றும் அந்த இடம் காலியாக இருக்கிறது.

மூன்றாம் ஓலையும் முடிந்து கல்யாணம் நடந்தது. சாப்பாடு பந்தலில். போதகருக்கும் டீக்கன்மாருக்கும் மட்டும் முன்னறையில் இலை போட்டார்கள். முத்துநாயகம் துவைத்துத் தேய்த்த வெள்ளை வேட்டியில் வந்தார். வராமல் இருந்தால் ஊர் பேசும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு மிஞ்சியிருந்தது பூவுக்குப் பக்கத்து இலை. அவர் நின்றுகொண்டே சுற்றிப் பார்த்தார்.

"தேவகனி, பாய் போடலியா?"

"எதுக்கு டீக்கனாரே?"

"இல்ல, வேட்டியில கறை..."

"பிடிக்கும்" என்றார் சித்தி. "புதுத் தரையில்லா? நின்னுக்கிட்டு சாப்பிட முடியும்னா நில்லுங்க. நான் ஒரு ஜெபக்கூட்டம் முழுக்க நின்னவளாக்கும்."

முத்துநாயகம் பூவைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், உட்கார்ந்தார். சித்தி அவர் இலையில் தன் கையாலேயே இரண்டு தடவை பாயசம் ஊற்றினார். அவர் எழுந்து கை கழுவப் போகையில், வேட்டியின் பின்புறம் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று இருந்தது. தெருமுனை வரைக்கும் அவர் அதைத் திரும்பிப் பார்க்காமலே போனார்.