கையைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிடம்

எங்கள் குழுவில் இருபது பேர். பாதிப் பேருக்கு ஆசிரியராக ஆசை, மீதிப் பேருக்குச் சமூகப் பணிக்குப் போக ஆசை. கல்லூரி முதலாண்டில் எங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். மூன்று பாடங்களை ஒன்றாகப் படிப்போம், வாரம் ஒரு காலை மழலையர் பள்ளியில் களப்பணிக்கும் ஒன்றாகவே போவோம். பத்தொன்பது பேருக்குப் பதினெட்டு வயதுதான். இருபதாவது ஆளுக்கு நாற்பத்து மூன்று. எல்லோரும் அவரை அக்கா என்றோம். அம்மா என்று கூப்பிட்டால் முறைப்பார்.

அக்கா பதினாறு வருஷம் மருத்துவமனையில் ஆயாவாக இருந்தவர். நோயாளிகளைக் குளிப்பாட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துப் பழகியவர். முதியோர் நலப் பணியாளர் ஆகவேண்டும் என்று அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். படிப்பில் குறை சொல்ல முடியாது. கைதான் சும்மா இருக்காது.

களப்பணியில் முதலில் கவனிப்பு. இருவர் இருவராக வகுப்பின் மூலையில் உட்கார்ந்து, ஒரு குழந்தை செய்வதை நாற்பது நிமிடம் அப்படியே எழுதவேண்டும். தொடக்கூடாது, பேசக்கூடாது. ஆபத்து என்றால் மட்டும் எழலாம். முதல் வாரம் அக்கா ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டார். இரண்டாம் வாரம் கொட்டிய தண்ணீரைத் துடைக்கப் போனவர், போன கையோடு நாலு மேசையையும் துடைத்துவிட்டு வந்தார். ஜோடியாகப் போன எனக்கும் சேர்த்தே அர்ச்சனை நடந்தது.

"மூணாவது தடவையும் இப்படின்னா குழுவுல இருக்க முடியாது. அடுத்த வருஷம் புதுசா அப்ளை பண்ணணும்," என்று அக்காவிடம் சொன்னார் பேராசிரியை.

நாற்பத்து மூன்று வயதில் ஒரு வருஷம் என்ன விளையாட்டா? எனக்குக் கோபம் வந்தது.

"கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன் அக்கா. உங்களுக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

"நீ சொல்லிட்ட. என் கை கேக்கணுமே," என்றார்.

மூன்றாம் வாரம், நான்கு வயதுப் பையன் ஒருவன் விளையாடப் போவதற்குச் செருப்பு மாட்டினான். வார் கொக்கிக்குள் நுழையவில்லை. மற்றப் பிள்ளைகள் வெளியே ஓடிவிட்டார்கள். வகுப்பாசிரியை வாசலில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். பையனுக்கு உதடு பிதுங்கியது. எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

எழுந்தது நான். இத்தனை நாள் புத்தி சொன்ன நானேதான். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இடது கையால் என்னைப் பிடித்தபடியே வலது கையால் எழுதினார்.

பதினேழாம் நிமிடம் வார் நுழைந்தது. பையன் கால் மாற்றிப் போட்ட செருப்போடு வெளியே ஓடினான்.

மதியம் குழுவின் முன்னால் அக்கா தன் குறிப்பைப் படித்தார். நான் எழுந்ததையும் விடவில்லை, மகராசி. எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியை தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இந்த வாட்டி எப்படி அடக்கிக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

அக்கா சிரிக்கவில்லை.

"எழுந்தா இடம் போயிடும்னு பயம் மேடம், வேற ஒண்ணுமில்ல. அவன் தானா போட்டுப்பான்னு எனக்குத் தோணவே இல்ல." தாளை நாலாக மடித்தார். "என் பையனுக்கு இருபது வயசு. இன்னிக்குக் காலையிலகூட அவனோட வேலை அப்ளிகேஷனை நான்தான் நிரப்பிக் குடுத்துட்டு வந்தேன். கையெழுத்து மட்டும் அவன் போட்டான்."