மாடுகள் ஒதுங்கி நின்ற கட்டுத்தரை

1. நானும் செத்தேன்

ஆம்புலன்ஸ் டிரைவர்களுக்கு அவசர சிகிச்சைப் பயிற்சி என்று பாலக்காட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். வகுப்பு என்றாலே பயம். பரீட்சை வைப்பார்களா, இங்கிலீஷில் எழுதச் சொல்வார்களா என்று ஊட்டில் எல்லாரையும் கேட்டு நச்சரித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பரீட்சை வேறு மாதிரி இருந்தது. ஹாலின் நடுவே ஒரு டம்மியைப் படுக்கப் போட்டு, இதுதான் உங்கள் பேஷண்ட் என்றார்கள். நான் ஓடினேன். அதன் நெஞ்சில் கை வைத்ததும், பயிற்சி கொடுத்த நர்ஸ் செல்வி கையைத் தட்டினார்.

"அண்ணே, நீங்க செத்துட்டீங்க. இப்ப ரெண்டு ஆம்புலன்ஸ் வேணும்."

டம்மி பக்கத்தில் அறுந்த வயர் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். நான் அதை மிதித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஹாலே சிரித்தது.

செல்வி சித்திரபுரத்துக்காரர், வயசில் என்னைவிடச் சின்னவர். இனிமேல் ஓட வேண்டாம் என்றார். வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்து விட வேண்டும். கண் என்ன பார்க்கிறது, காது என்ன கேட்கிறது, மூக்குக்கு என்ன தெரிகிறது, கால் எதில் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். அப்புறம்தான் உள்ளே போக வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். எழுந்து கேட்டே விட்டேன். நான் இல்லாததையெல்லாம் நினைத்துப் பயப்படுகிற ஆள், மனசு ஒரு இடத்தில் நிற்காது, என்னால் இது ஆகுமா என்று. பின்வரிசையில் மறுபடியும் சிரிப்பு. செல்வி சிரிக்கவில்லை.

"பயம் வரட்டும்ணே. வந்தா, கண்ணு முன்னால இருக்கிறதைப் பாத்து வருதா, இல்லாததை நெனச்சு வருதான்னு மட்டும் பாருங்க. ரெண்டும் வேற வேற."

இத்தனை வருஷத்தில் பயப்படாதே என்று சொன்னவர்கள்தான் அதிகம். பயத்தைத் திரும்பிப் பார்க்கச் சொன்னது இவர் ஒருத்தர்தான்.

2. பழகிப் பார்த்தது

ஊருக்கு வந்ததும் எங்கே போனாலும் அதைச் செய்து பார்த்தேன். டீக்கடை வாசலில் நின்றேன்; கேஸ் ட்யூப் விரிசல் விட்டிருப்பது தெரிந்தது. தினமும் போகிற கடை, அதுவரைக்கும் கண்ணில் படவில்லை. பால் சொசைட்டியில் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை, பின்னால் கேனோடு நின்றவரிடம் திட்டு வாங்கினேன். என் சம்சாரமும் விடவில்லை.

"ஏனுங்க, சொந்த ஊட்டுக்குள்ள வர்றதுக்கு இத்தன ரோசனையா? உள்ள நாந்தானுங்க இருக்கறேன்."

அதனால்தான் ரோசனை என்றேன்.

3. கூப்பிட்டது வலிப்புக்கு

ஒரு நாள் காலையில் மீனாட்சிபுரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். பால் கறக்கும்போது ஆள் வலிப்பு வந்து விழுந்துவிட்டார் என்றார்கள். நானும் எங்கள் வண்டியில் வரும் நர்ஸ் ரஜனி சிஸ்டரும் போனோம். வழியில் மாவு மில் ஓடவில்லை. கரண்ட் இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாடு கட்டுகிற கொட்டகையைக் கட்டுத்தரை என்போம். அங்கே ஈரத்தரையில், கறவை மெஷினை ஒட்டித் தோட்டத்துக்காரர் ஆறுமுகம் கிடந்தார். மூச்சு இருந்தது, முனகல் கேட்டது. அவர் சம்சாரம் ஓர் இரும்புச் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை இறுக்கி மூடிப் பிடித்திருந்தார். வலிப்பு வந்தால் எங்கள் பக்கம் எல்லாரும் முதலில் செய்வது அதுதான்.

சிஸ்டர் பையோடு உள்ளே போகப் பார்த்தார். நான் பையின் வாரைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு மூச்சு.

மாடுகள் அத்தனையும் கயிறு இழுபட, காய்ந்து கிடந்த அந்தக் கோடியில் ஒதுங்கி நின்றன. தொட்டியில் தீவனம் போட்டது போட்டபடி இருந்தது. கறக்கிற நேரத்தில் தீவனத்தைத் தொடாத மாடு உண்டா? மூக்கில் சாணி வாசத்துக்கு நடுவே வயர் கருகின வாசம். மெஷின் ஓடவில்லை, ஆனால் சுவிட்ச் ஆன் ஆகியிருந்தது. வழியில் ஓடாமல் நின்ற மாவு மில் ஞாபகம் வந்தது. பயம் வந்தது. இது கண் முன்னால் இருப்பதைப் பார்த்து வந்த பயம்.

"ஏனுங்க, மனுசன் உழுந்து கெடக்கறாரு, நீங்க மாட்டப் பார்த்துட்டு நிக்கறீங்க!" அந்தம்மா அழுதுகொண்டே கத்தினார்.

"அம்மிணி, கைய விட்டுட்டு மொதல்ல வெளிய வாங்க. எந்நேரமும் கரண்ட் வந்துரும்," என்றேன்.

அவர் எழுந்து வந்ததும் ஊட்டுச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். அப்புறம்தான் உள்ளே போய் அவரைத் தூக்கிக் காய்ந்த இடத்தில் கிடத்தினோம். ஸ்ட்ரெச்சரில் பெல்ட் போடும்போது பக்கத்துத் தோப்பில் கிணத்து மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. கட்டுத்தரை மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்துவிட்டுப் பெல்ட்டை இறுக்கினார்.

வண்டியில் அவர் ஆறுமுகத்தின் விரல்களைப் பிரித்துச் சாவிக்கொத்தை எடுத்தார். அதற்கு அடியில் உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது. இரும்பு அதை மறைத்துவிட்டது. வாசலில் நின்று பார்க்காவிட்டால், வலிப்பு என்று சொல்லியே ஆஸ்பத்திரியில் இறக்கியிருப்போம். கரண்ட் ஷாக் என்று சொன்னதால் டாக்டர் உடனே ஈ.சி.ஜி. எடுத்தார். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக இருந்தது, ஐ.சி.யூ.வில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

4. அவர் சொன்னது

ஆறுமுகம் ஊட்டுக்குத் திரும்பின பிறகு அவரைப் பார்க்கப் போனேன். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. மாடுகள் அன்றைக்கு மட்டும்தான் அப்படி ஒதுங்கினவா என்று கேட்டேன்.

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்லீங்க. அதுக்கு முன்னாடியே உள்ள வர மாட்டேன்னு அடம் புடிச்சுதுங்க. காலைக் காலைத் தூக்குச்சுங்க, அப்பவே தரையில கரண்ட் கசிஞ்சிருக்கும்போல. நாந்தானுங்க அடிச்சு ஓட்டுனேன்."

வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஓர் இடத்தில் மனுஷனோ மாடோ உள்ளே வரமாட்டேன் என்று நின்றால், தள்ளுவதற்கு முன்னால் நீங்களும் கொஞ்சம் நின்று பாருங்கள். நான் இன்னும் பயப்படுகிற ஆள்தான். வாசலில் நிற்கிறபோது யாராவது திட்டினால், திட்டட்டும் என்று ஒரு மூச்சு முழுசாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.