இடுப்பில் எப்படிச் சாயம் படும்?

எங்கள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் என் அண்ணிக்குக் 'கேள்வி சிஸ்டர்' என்று பெயர். அவர் முதலுதவி அறை நர்ஸ். நான் மூன்றாவது வரிசையில் காலர் தைப்பவள். தலைவலி மாத்திரைக்குப் போனால்கூட உட்கார வைத்து, எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், காலையில் சாப்பிட்டாயா என்று துருவி எடுத்துவிடுவார். "ஒரு மாத்திரைக்குப் போலீஸ் விசாரணையா?" என்று எல்லோரும் பொருமுவார்கள். அவர் என் அண்ணி என்பதால் என் முகத்தைப் பார்த்தே பொருமுவார்கள்.

அந்தக் கேள்விகளால்தான் பாய்லர்காரர் பிழைத்தார். இருமல் மருந்து கேட்டு வந்தவர் அவர். எத்தனை வாரமாக இருமல், சாயங்காலம் காய்ச்சல் உண்டா என்று கேட்டுக்கொண்டே அண்ணி அவருடைய பெல்ட்டைப் பார்த்திருக்கிறார். ஆணியால் புதிதாகக் குத்திய இரண்டு ஓட்டைகள். ஆள் மெலிந்திருக்கிறார். அன்றே சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். காசநோய். ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு இப்போது நன்றாக இருக்கிறார்.

நான் சொல்ல வந்தது விடுதி விஷயம்.

என் பக்கத்து மிஷினில் தைக்கும் பெண் விடுதியில் தங்கியிருந்தாள். ஒரு நாள் தையலை நிறுத்திவிட்டுக் கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். அந்த மாதம் நீலச் சாயத் துணி வந்திருந்தது. வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர், ஏற்கெனவே ஆறு பெண்களுக்குச் சாய அலர்ஜி என்று எழுதி மாத்திரை கொடுத்திருந்தார். அவளும் அதே மாத்திரைதான் சாப்பிட்டாள். அரிப்பு அடங்கவில்லை. நான் அவளை அண்ணியிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அண்ணி ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, இடுக்குகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பென்சிலால் லேசாகக் கிழித்ததுபோல் குட்டிக் குட்டிக் கோடுகள்.

"எப்போ ரொம்ப அரிக்குது?"

"படுத்தா போதும் சிஸ்டர், தூங்கவே விடாது."

"வேற எங்க?"

அவள் என்னைப் பார்த்துத் தயங்கினாள். அண்ணி திரையை இழுத்துவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்டது.

"சாயம் கையில படும். இடுப்புல எப்படிம்மா படும்? கட்டில்ல உன்கூட யாரு படுக்கறா? அவங்களுக்கும் அரிக்குதா?"

ஒரு கட்டிலில் இரண்டு பேர். கூடப் படுத்தவளுக்கும் அரிப்பு.

அன்று மத்தியானம் அண்ணி சாப்பிடவில்லை. பேக்கிங் பகுதிக்குப் போய், அதே நீலத் துணியை நாள் முழுக்க மடிக்கிற, வீட்டிலிருந்து வந்துபோகிற பெண்களைக் கேட்டார். ஒருத்திக்கும் அரிப்பில்லை. அரித்ததெல்லாம் விடுதிக்காரர்களுக்குத்தான்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னார்: "சார், இது சிரங்கு. ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டுது. நீங்களே ஒருதரம் விரல் இடுக்கைப் பாருங்க, பூச்சி தோலுக்குள்ள துளைச்ச கோடு தெரியும்."

டாக்டருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் பார்த்தார். நான்கு பேரைப் பார்த்தபின், "ஆமா சிஸ்டர். நான் கையைப் பிடிச்சுப் பாக்காமலே எழுதிட்டேன்" என்றார். அந்த வார்த்தைக்காக எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

மருந்து வந்தது. அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, விடுதியில் முப்பத்தாறு பேரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம்வரை பூச வேண்டும் என்றார் அண்ணி. போர்வை, துணியெல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும். விடுதி வார்டனம்மா மட்டும் எகிறினார்.

"நான் தினம் ரெண்டு வேளை குளிக்கிறவ. எனக்கெதுக்கு இந்தக் கண்றாவி?"

"பூச்சிக்கு அதெல்லாம் தெரியாதும்மா. குளிச்ச உடம்புலயும் ஏறும், குளிக்காத உடம்புலயும் ஏறும். இதுல அசிங்கம் ஒண்ணுமில்ல. நீங்க ஒருத்தர் விட்டா, எல்லாருக்கும் திரும்பி வரும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே வார்டனம்மாவின் வலது கை இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்தார். யார் முன்னாலும் சொல்லவில்லை. மருந்துக் குழாயை அவர் கையில் வைத்து மூடிவிட்டு நகர்ந்தார். அன்று முதலில் பூசிக்கொண்டவர் வார்டனம்மாதான்.

ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை பூசினார்கள். அப்படியும் அரிப்பு முழுதாக நிற்கவில்லை. "கேள்வி கேக்கத்தான் தெரியும், குணமாக்கத் தெரியாது" என்று சாப்பாட்டு அறையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கோபத்தோடு அண்ணியிடம் ஒப்பித்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனார். முப்பத்தாறு ஜோடிக் கைகள். புதிய கோடு ஒன்றுகூட இல்லை.

"பூச்சி செத்துப்போச்சு. தோலுக்குத்தான் இன்னும் கோபம் அடங்கல. ரெண்டு மூணு வாரம் பொறுங்க" என்றார்.

மூன்றாவது வாரம் என் பக்கத்து மிஷின்காரி, "நேத்து படுத்ததுதான் தெரியும், மணி அடிச்சப்பதான் முழிச்சேன்" என்றாள். ஒவ்வொருத்தியாக அதையே சொன்னார்கள்.

மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டுப் பாராட்டினார். டாக்டரும் இருந்தார்; கண்டுபிடித்தது சிஸ்டர்தான் என்று அவரே சொன்னாராம். என்ன வேண்டும் என்று மேனேஜர் கேட்டதற்கு, "ஆளுக்கொரு கட்டில்" என்றாராம் அண்ணி. இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். அண்ணியும் வாரம் தவறாமல் போய், எப்போ வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பதினெட்டுப் புதுக் கட்டில்கள் லாரியில் வந்து இறங்கிய அன்று விடுதி வாசலில் ஒரே கூட்டம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "யாருக்கா அந்த சிஸ்டர்?" என்று என்னைக் கேட்டாள்.

"எங்க அண்ணி" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகத்தான் சொன்னேன்.